ஜூனிப்பர் பெர்ரி கஷாயம் சிறுநீரகத்துக்கு நல்லதா? தினமும் குடிக்கலாமா?

பெயர்தான் பெர்ரி, உண்மையில் இது பழமே இல்லை. ஊசியிலைத் தாவரம் ஒன்றின் கூம்பு. செதில்கள் சதைப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகிவிடுகின்றன. காய்ந்த ஒன்றை விரலால் நசுக்கி முகர்ந்தால் ஜின் வாசனை அடிக்கும். அந்த மதுவுக்கு மணம் தருவதே இதுதான்.

ஐரோப்பிய மூலிகை மருத்துவத்தில் சிறுநீரைப் பெருக்கவும் வயிற்று உப்புசம், அஜீரணம் தணியவும் இதைக் கொடுப்பார்கள். இதெல்லாம் நீண்ட காலப் பழக்கத்தை வைத்துச் சொல்வது. மனிதர்களிடம் நடந்த உறுதியான சோதனைகள் குறைவு. சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூலிகை மருந்துகளை ஆராய்ந்த ஜெர்மனியின் கமிஷன் ஈ குழு குறித்த அளவு, நாளுக்கு 2 முதல் 10 கிராம் வரை. லேசாக நசுக்கி, வெந்நீர் ஊற்றி, 10 நிமிடம் மூடி வையுங்கள். மூடாவிட்டால் எண்ணெய்ச் சத்து ஆவியோடு போய்விடும், அப்புறம் குடித்து என்ன பயன்? மருத்துவரைக் கேட்காமல் 4 வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது. ஆக, காலவரையின்றி தினமும் என்பதெல்லாம் வேண்டாம்.

சிறுநீரகத்துக்கு நல்லதா என்கிறீர்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள்தான் முதலில் இதை விட்டு ஒதுங்க வேண்டும்! கர்ப்பிணிகளும் தொடவே கூடாது. சிறுநீர் பெருக்கி, லித்தியம் (ஒரு மனநல மருந்து), சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இதன் எண்ணெயை அப்படியே குடிக்காதீர்கள். செடியிலிருந்து நீங்களே பறிப்பதும் ஆபத்து: சபீனா என்ற ஜூனிப்பர் வகை நஞ்சு, பார்க்க இதைப் போலவே இருக்கும்.