தம்பி பங்குக்கு வருகிறான், வீடு தப்புமா?

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே முறுக்கு, அதிரசம் செய்து கடைகளுக்குப் போடுகிறேன். என் பெயரில் எண்டர்பிரைஸ், அதாவது தனி உரிமையாளர் வியாபாரப் பதிவு இருக்கிறது. செலவு போக ஆண்டுக்கு 45,000 வெள்ளி நிற்கும். தம்பி 20,000 வெள்ளி போட்டுப் பங்குக்கு வருகிறான். இயந்திரம் வாங்க வங்கிக் கடனும் கேட்டிருக்கிறோம். சென்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனி ஆக்கிவிட்டால் வீட்டை யாரும் தொட முடியாது என்கிறார்கள். அப்பா தோட்டத்தை விட்டு வந்தபோது இபிஎஃப் பணத்தில் வாங்கிய வீடு அது. இப்போது என் பெயரில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, வீட்டைப் பற்றியே முதலில் சொல்கிறேன். சிறிய கம்பெனிக்குக் கடன் கொடுக்கும் வங்கி, பெரும்பாலும் இயக்குநர்களிடம் தனிப்பட்ட ஜாமீன் கேட்கும். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் கம்பெனியின் கடன் உங்கள் கடனும்தான். கட்ட முடியாமல் போனால் வங்கி உங்களைத் தேடி வரும், வீடும் ஆபத்தில் சிக்கும். மாவு, எண்ணெய் கடனுக்குக் கொடுத்தவர்களிடமிருந்து கம்பெனி உங்களைக் காப்பாற்றும். நீங்களே ஜாமீன் நின்ற கடனிலிருந்து காப்பாற்றாது.

அதற்காக இப்படியே இருந்துவிடலாம் என்று சொல்லவில்லை. தம்பி பங்காளியானதும் அது கூட்டு வியாபாரம். வியாபாரத்துக்காக அவர் வாங்கும் கடனுக்கு உங்கள் சொத்தும் பதில் சொல்ல வேண்டும். தம்பி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, சட்டம் அப்படித்தான்.

உங்கள் இருவருக்கும் பொருத்தமாக எனக்குத் தெரிவது பிஎல்டி, அதாவது 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டு. கம்பெனியைப் போலவே இதிலும் கூட்டின் கடன் பங்காளிகளின் சொந்தச் சொத்தைத் தொடாது, நீங்களே ஜாமீன் நின்றால் தவிர. குறைந்தது இரண்டு பங்காளிகள் வேண்டும். எஸ்எஸ்எம் என்னும் மலேசிய கம்பெனிகள் ஆணையத்தில் பதிவுக் கட்டணம் 500 வெள்ளி, ஆண்டு அறிக்கைக்கு 200 வெள்ளி. சென்டிரியான் பெர்ஹாட் என்றால் பதிவுக்கே 1,000 வெள்ளி. ஒருவரே தொடங்கலாம் என்றாலும் கம்பெனிச் செயலாளரை நியமித்து அவருக்கும் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் அளவுக்கு அந்தச் சுமை தேவையில்லை.

வரியையும் பார்த்துவிடுங்கள். இப்போது 45,000 வெள்ளியில் உங்களுக்கான 9,000 கழிவை மட்டும் எடுத்தாலும் வரி சுமார் 660 வெள்ளிதான். பிஎல்டியோ கம்பெனியோ, சிறு தொழிலுக்கு முதல் 150,000 வெள்ளி லாபத்துக்கு 15 விழுக்காடு. அதே 45,000க்கு 6,750 வெள்ளி! பங்காளிகளுக்கான சம்பளத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்து எடுத்தால் இது குறையும். அதனால் ஒப்பந்தத்தை அவசரப்பட்டு எழுதாதீர்கள். யார் எவ்வளவு போட்டார், லாபம் எப்படிப் பிரியும், ஒருவர் விலகினால் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். உடன்பிறந்தவர்கள் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று. எண்டர்பிரைஸை அப்படியே பிஎல்டியாக மாற்ற முடியாது. புதிதாகப் பதிந்து, பழையதை மூட வேண்டும். நகராண்மைக் கழக உரிமம், வங்கிக் கணக்கு, கடைகளுடன் உள்ள ஏற்பாடு எல்லாம் புதுப் பெயருக்கு வர வேண்டும். தீபாவளி ஆர்டர் நெருங்கும்போது இதில் இறங்காதீர்கள்.

கடன் விஷயத்தில் என் யோசனை இதுதான்: தம்பியின் 20,000 வெள்ளிக்குள் அடங்கும் இயந்திரத்தோடு முதலில் தொடங்குங்கள். ஓர் ஆண்டுக் கணக்கு கையில் வந்த பிறகு வங்கிக்குப் போகலாம். அப்போதும் ஜாமீன் கேட்டால், எந்தத் தொகை வரை என்று வரம்பு போடச் சொல்லுங்கள். வீட்டு கிராண்ட்டை, அதாவது உரிமைப் பத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.