மார்ஃபின் ஊசிக்குப் பின் நாயின் முகம் வீங்கினால்

வணக்கம். அறுவைக்கு முன் சிரை வழியாக மார்ஃபின் போட்ட சில நிமிடங்களில் உங்கள் லாப்ரடாருக்கு முகம் வீங்கி, வயிற்றில் தடிப்புகள் எழுந்து, இரத்த அழுத்தமும் இறங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். இனி மார்ஃபின் வகை (ஓபியாய்டு) வலிநிவாரணி எதுவுமே ஆகாதோ என்று அஞ்சுகிறீர்கள்.

அப்படி முடிவுகட்டத் தேவையில்லை. மார்ஃபினும் அதே வகையைச் சேர்ந்த பெத்திடினும் மாஸ்ட் செல்களை (ஒவ்வாமையில் பங்குபெறும் தற்காப்புச் செல்களை) நேரடியாகத் தூண்டி, அவற்றுள் சேர்ந்திருக்கும் ஹிஸ்டமின் என்ற, வீக்கத்தையும் தடிப்பையும் உண்டாக்கி இரத்த அழுத்தத்தை இறக்கும் வேதிப்பொருளை வெளியேற்றக்கூடியவை. வழக்கமான ஒவ்வாமையைப் போல அந்த மருந்து முன்பே உடலில் பட்டிருக்க வேண்டியதில்லை என்பதால், முதல் ஊசியிலேயே இது நேரலாம். அளவு கூடினாலோ, சிரையில் வேகமாகச் செலுத்தினாலோ விளைவும் கூடும். ஆகவேதான் மார்ஃபினை மெதுவாக ஏற்றுகிறார்கள், பெத்திடினைச் சிரையில் போடுவதையே தவிர்க்கிறார்கள். (நீங்கள் குறிப்பிட்ட வாந்தி வேறு கதை, அது மூளையில் வாந்தியைத் தூண்டும் பகுதியில் மார்ஃபின் வேலை செய்வதால் வருவது.)

இதே வகையைச் சேர்ந்த மெத்தடோன், ஃபென்டனைல், பியூப்ரெனார்ஃபின் ஆகியவற்றால் இத்தொல்லை மிகக் குறைவு. அடுத்து அகற்றப்போவது மாஸ்ட் செல் கட்டி என்கிறீர்கள். அக்கட்டியிலேயே ஹிஸ்டமின் நிறைந்திருப்பதால், மார்ஃபினையும் பெத்திடினையும் தவிர்க்குமாறு மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கூடவே, அன்றைய மயக்க மருந்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள்: அதே நேரத்தில் ஆன்டிபயாடிக் ஊசியும் போட்டிருந்தால், மார்ஃபின் மீது மட்டும் பழி போட முடியாது.