கையில் வலி, கழுத்தில் ஊசி எதற்கு?

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்து இரண்டு மாதம் ஆகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது. ஆனால் கை வீங்கிச் சிவந்து நெருப்பாய் எரிகிறது. புடவைத் தலைப்பு பட்டாலே துடித்துப்போகிறார். வலி சிகிச்சை மருத்துவர் கழுத்தில் ஊசி போடலாம் என்கிறார். பயமாக இருக்கிறது. போடலாமா?

பதில்: முதலில் ஒன்று. எலும்புதான் கூடிவிட்டதே, இன்னும் என்ன வலி என்று வீட்டில் யாரும் அவரிடம் கேட்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது சி.ஆர்.பி.எஸ். எனப்படும் வலி நோயாக இருக்கலாம். மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு சிலருக்கு இது வருவதுண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டு நரம்பு சேதமான வீரர்களிடம் இதே மாதிரியான எரிச்சலை சைலஸ் வீர் மிட்செல் என்ற மருத்துவர் பார்த்து எழுதிவைத்தார். எரிச்சல் தாளாமல் கையை எந்நேரமும் ஈரத்துணியால் நனைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

வியர்வை, ரத்தக்குழாய் சுருங்குவது போன்றவற்றை நம்மைக் கேட்காமலே நடத்துபவை பரிவு நரம்புகள். அடிபட்ட பிறகு சிலருக்கு இவையும் சேர்ந்து வலியைத் தூண்டிவிடுகின்றன. கைக்குப் போகும் பரிவு நரம்புகளில் பெரும்பாலானவை அடிக்கழுத்தில், முதல் விலா எலும்புக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நரம்பு முடிச்சின் வழியாகச் செல்கின்றன. அதனால்தான் ஊசி அங்கே. காலில் இப்படி வலி இருந்தால் இடுப்பு முதுகெலும்பை ஒட்டிப் போடுவார்கள்.

அம்மாவை மல்லாக்கப் படுக்கவைத்து, ஸ்கேனில் ரத்தக்குழாய்களைப் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவார்கள். சில நிமிட வேலைதான். அப்புறம் அந்தப் பக்கக் கண்ணிமை தொங்கும், கண் சிவக்கும், மூக்கடைக்கும், குரல் கம்மலாம். பக்கவாதமோ என்று பதற வேண்டாம், சில மணி நேரத்தில் சரியாகிவிடும். ஆனால் இமை தொங்குவதை மட்டும் வைத்து ஊசி பலித்தது என்று சொல்ல முடியாது. கை வெதுவெதுப்பாக வேண்டும், அதுதான் அடையாளம். குரல் தெளியும்வரை சாப்பாடு வேண்டாம். முதலில் ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்து, புரை ஏறாமல் இறங்குகிறதா என்று பாருங்கள்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். மருந்து ரத்தக்குழாய்க்குள் போனால் வலிப்பு வரலாம். நுரையீரல் உறையில் ஊசி படலாம். கழுத்துக்குள் ரத்தம் கட்டலாம். அரிதுதான். ஆனாலும் வீடு திரும்பிய பிறகு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ கழுத்து வீக்கமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பலன் எப்படி? சிலருக்கு மருந்தின் வேகம் தீர்ந்த பிறகும் பல நாள் வலி குறைந்திருக்கிறது, சிலருக்குச் சில மணி நேரம்தான், சிலருக்கு ஒன்றுமில்லை. இந்த ஊசிக்கு ஆய்வுச் சான்றுகள் வலுவாக இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. மாத்திரையும் பயிற்சியும் போதாமல் கை விறைத்துக்கொண்டே போகிறது என்றால் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம் என்பது என் கருத்து. கை நன்றாகச் சூடாகியும் வலி துளிகூடக் குறையவில்லை என்றால், அடுத்தடுத்து ஊசிகளுக்குப் பணம் கட்டுவதற்கு முன் மருத்துவரிடம் காரணம் கேளுங்கள்.

பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். வலி குறைந்ததும் 'அப்பாடா' என்று கையைத் தூளியில் போட்டு ஓய்வெடுப்பார்கள். உண்மையில் பிசியோதெரபிக்கு அந்த நேரம்தான் பொன்னான நேரம். ஊசி போடும் நாளன்றே பிசியோதெரபிஸ்டிடமும் நேரம் வாங்கிவையுங்கள். கை மரத்தோ பலமில்லாமலோ இருந்தால் மட்டும் அது தெளியும்வரை பொறுங்கள். விரல்களை மடக்கி நீட்டுவது, பஞ்சில் தொடங்கித் துண்டுவரை வெவ்வேறு துணிகளால் தோலை மெல்ல வருடிப் பழக்குவது, சப்பாத்தி மாவு பிசைவது என்று படிப்படியாகப் போகலாம். ஐஸ் வைக்க வேண்டாம். ஊசி போட்ட நேரம், கை சூடான நேரம், வலி எப்போது திரும்பியது என்பதையெல்லாம் ஒரு தாளில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த ஊசி தேவையா என்பதை அதை வைத்து அவர் முடிவுசெய்வார்.