மறு: ஹேம்லெட் படிக்கிறேன், அகராதி பார்த்தும் பிடிபடவில்லை

ஷேக்ஸ்பியரின் ஹேம்லெட் நாடகம் வரிக்கு வரி அகராதி பார்த்தும் புரியவில்லை, சொலிலக்வி, அசைடு என்ற இரண்டு வகை மேடைப் பேச்சுக்கும் வித்தியாசம் குழப்புகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்களை ஏமாற்றுவது தெரியாத சொற்கள் இல்லை, தெரிந்த மாதிரி இருக்கிற சொற்கள்தான் என்று நினைக்கிறேன். 'லெட்' என்றால் விடு என்று படித்துக்கொண்டு போவோம், ஆனால் செத்துப்போன அப்பாவின் ஆவியின் பின்னால் போகத் துடிக்கும் ஹேம்லெட், என்னை 'லெட்' செய்பவனையே ஆவியாக்கிவிடுவேன் என்று நண்பர்களை மிரட்டும்போது அதற்குத் தடுப்பது என்று பொருள், நேர் எதிர்! 'ப்ரெசென்ட்லி' பெரும்பாலும் உடனே, 'ஸ்டில்' பல இடங்களில் எப்போதும், 'வேர்ஃபோர்' என்றால் ஏன். இந்த வகைச் சொற்களை மட்டும் தனியாக ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அப்புறம் 'தௌ', 'யூ'. முழுக்க ஒன்றில்லை என்றாலும் நம் நீ, நீங்கள் போலத்தான், அதனால் நமக்கு இது சீக்கிரம் பிடிபடும். மூன்றாம் அங்கம் நான்காம் காட்சியில் ஹேம்லெட்டின் அம்மா கெர்ட்ரூட் மகனிடம், உன் அப்பா மனதை நோகடித்துவிட்டாய் என்று 'தௌ' போட்டுப் பேசுகிறாள், அவனோ என் அப்பாவை நீங்கள்தான் நோகடித்தீர்கள் என்று 'யூ' போட்டுத் திருப்பிக் கொடுக்கிறான். அவள் சொல்லும் அப்பா, அவள் மறுமணம் செய்துகொண்ட கிளாடியஸ்; அவன் சொல்வது செத்துப்போன அப்பா. அந்த 'யூ'வில் இருப்பது மரியாதை இல்லை, விலகல். எனக்கு இன்னமும் மனதை அறுக்கிற இடம் அது.

சொலிலக்வி என்பது தனியாக நின்று மனதைத் திறந்து நீளமாகப் பேசுவது. அசைடு, மேடையில் மற்றவர்கள் இருக்கும்போதே அவர்கள் காதில் விழாத மாதிரி பார்வையாளருக்குச் சொல்லும் ஓரிரு வரி. ஹேம்லெட் நாடகத்தில் பேசும் முதல் வரியையே பல பதிப்புகள் அசைடு என்று குறித்திருக்கும், பாருங்கள்.