மோட்டார் ஓடுகிறது, வாட் மீட்டரின் திரை மட்டும் தெரியவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: என் சைக்கிளில் 48 வோல்ட் லித்தியம் பேட்டரியும் பின்சக்கர ஹப் மோட்டாரும் பொருத்தி ஓட்டி வருகிறேன். மின்சாரச் செலவைப் பார்ப்பதற்காகத் தனி ஷண்ட்டுடன் (மின்னோட்டத்தை அளக்க உதவும் மிகக் குறைந்த தடைத் துண்டு) வரும் வாட் மீட்டர் ஒன்றை ஹேண்டில்பாரில் வைத்திருக்கிறேன். மழையில் நனைந்த பிறகு அதன் திரையில் எதுவுமே தெரியவில்லை; ஆனால் மோட்டார் வழக்கம்போல் ஓடுகிறது. பேட்டரியில் கோளாறா? மீட்டரையே மாற்ற வேண்டுமா?

பதில்: மோட்டார் ஓடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே பாதி விடையைத் தந்துவிடுகிறது. மோட்டாருக்குப் போகும் மின்னோட்டம் முழுவதும் பேட்டரி, அதன் பாதுகாப்புச் சுற்று, முதன்மை பியூஸ், தடித்த ஒயர்கள், ஷண்ட் ஆகிய எல்லாவற்றையும் கடந்தே செல்ல வேண்டியிருப்பதால், அவற்றில் எதுவும் அறுபடவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஷண்ட்டிலிருந்து மீட்டருக்கு வரும் அளவீட்டு ஒயர் மட்டும் அறுந்திருந்தால் திரை எரியும், ஆம்பியர் அளவு மட்டும் தவறாக இருக்கும். ஆகவே தேட வேண்டிய இடங்கள் இரண்டுதான்: மீட்டருக்கு மின்சாரம் கொண்டுவரும் மெல்லிய ஒயர் இணை, அல்லது மீட்டரின் உட்புறம்.

ஒயரைத் தொடுவதற்கு முன் திரையை இருட்டான இடத்தில் கவனமாகப் பாருங்கள். பின்னொளி எரிந்து எழுத்துகள் மட்டும் தெரியவில்லை என்றால் மின்சாரம் வருகிறது என்று பொருள். திரைக்கும் சர்க்யூட் பலகைக்கும் இடையிலுள்ள இணைப்பு ஈரத்தால் பழுதடைந்திருக்கலாம். எழுத்துக்குப் பதிலாக ஒரு வரிசை கறுப்புக் கட்டங்கள் தெரிந்தால், மீட்டரின் செயலி (புராசஸர் சிப்) இயங்கத் தொடங்கவில்லை. போலரைஸ்டு குளிர்கண்ணாடி அணிந்து பார்க்கும்போதும் சில எல்சிடி திரைகள் முழுக் கறுப்பாகத் தெரியும் என்பதால் அதையும் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

பின்னொளியும் இல்லை என்றால் மல்டிமீட்டர் தேவை. அதன் சிவப்புக் கம்பி 10 ஆம்பியர் துளையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியே வைத்து 48 வோல்ட்டை அளக்கப் போனால் பேட்டரியை நேரடியாக ஷார்ட் செய்ததாகிவிடும். வோல்ட் துளையில் மாற்றி, டிசி வோல்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். 48 வோல்ட் என்று விற்கப்படும் பேட்டரியில் பொதுவாக 13 செல் வரிசைகள் இருக்கும். முழு சார்ஜில் அது 54.6 வோல்ட் காட்டும், தீரும் தறுவாயில் ஏறத்தாழ 40 வோல்ட்டுக்கு இறங்கும். வாட் மீட்டரின் நேர்முனை, எதிர்முனை இரண்டிலும் கம்பிகளை வைத்து அளக்கும்போது இந்த எல்லைக்குள் வரும் எண் நல்ல எண்.

இந்த அளவீட்டை மீட்டர் இணைக்கப்பட்ட நிலையிலேயே எடுக்க வேண்டும் என்பதைத்தான் நான் மிகவும் வலியுறுத்துவேன், ஏனெனில் நல்ல மீட்டர்களைக் குப்பைக்கு அனுப்பும் தவறு இங்கேதான் நடக்கிறது. ஒயரைக் கழற்றி அதன் முனையை அளந்தால் 50 வோல்ட்டுக்கு மேல் தெரியும். உடனே மீட்டர்தான் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். மல்டிமீட்டரின் உள்தடை ஏறத்தாழ 1 கோடி ஓம் என்பதால், துருப்பிடித்த இணைப்பில் 5,000 ஓம் தடை இருந்தாலும் அது முழு வோல்ட்டையே காட்டும். ஆனால் அதே இணைப்பின் வழியாக 10 மில்லி ஆம்பியர் இழுக்க முயலும் வாட் மீட்டருக்கு, ஓமின் விதிப்படி, 50 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். நேர்முனை ஒயரில் மட்டுமல்லாமல் எதிர்முனை ஒயரிலும் இப்படி நேரலாம். மல்டிமீட்டரின் கறுப்புக் கம்பியைப் பேட்டரியின் எதிர்முனையிலும் சிவப்புக் கம்பியை மீட்டரின் எதிர்முனையிலும் வையுங்கள், பல வோல்ட் காட்டினால் எதிர்முனை ஒயர்தான் குற்றவாளி.

அளந்துகொண்டே ஹேண்டில்பாரை இருபுறமும் முழுமையாகத் திருப்பிப் பாருங்கள். முன்கவைக்கு மேலே வளையும் இடத்தில் ஒயரின் இழைகள் உறைக்குள்ளேயே அறுந்துபோவது அடிக்கடி நடக்கிறது. எண் தாவினால் இடம் கிடைத்துவிட்டது.

மீட்டரின் முனைகளிலேயே முழு வோல்ட் வந்தும் திரை எரியவில்லை என்றால், பேட்டரியைக் கழற்றிவிட்டு மீட்டரைத் திறக்கலாம். மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரின் கெபாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால் சில நிமிடங்கள் பொறுத்துத் திறப்பது நல்லது. பச்சை அல்லது வெள்ளைப் படிவு தெரிந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷால் துடைத்து, நிழலில் முழுமையாக உலரவிடுங்கள். ஈரத்தோடு டிசி மின்சாரம் சேரும்போது மின்பகுப்பு நடந்து, நேர்முனைப் பக்கத்துச் செப்புத் தடம் கரைந்துகொண்டே போகும். அதனால்தான் நனைந்த மீட்டரில் ‘எரிகிறதா’ என்று மீண்டும் மீண்டும் மின்சாரம் கொடுத்துப் பார்க்கக் கூடாது. சுத்தம் செய்த பிறகும் எரியவில்லை என்றால் பெரும்பாலும் ரெகுலேட்டர் போயிருக்கும். உள்ளே வரும் 50 சொச்சம் வோல்ட்டைச் செயலிக்குத் தேவையான 5 வோல்ட்டாகக் குறைப்பது அதுதான். எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் மாற்றித் தருவார்.

மழையைக் குற்றம் சொல்லும் முன் மீட்டரின் வோல்ட் எல்லையையும் பார்த்துவிடுங்கள். சந்தையில் கிடைக்கும் பல வாட் மீட்டர்கள் 60 வோல்ட் வரையே தாங்குபவை. 48 வோல்ட் பேட்டரிக்கு அது போதும். 14 வரிசை கொண்ட 52 வோல்ட் பேட்டரியோ முழு சார்ஜில் 58.8 வோல்ட்டைத் தொடும், அங்கே இடைவெளி மிகக் குறைவு. பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்கு மின்சாரம் திருப்பி அனுப்பும் வகை மோட்டாராக இருந்தால், முழு சார்ஜுடன் இறக்கத்தில் இறங்கும்போது பாதுகாப்புச் சுற்று பேட்டரியைத் துண்டிக்க, வோல்ட் திடீரென உயர்ந்து மீட்டரை எரித்துவிடக்கூடும். அப்படிப்பட்ட வண்டிக்கு 100 வோல்ட் தாங்கும் மீட்டரையே வாங்குங்கள்.

புதிய மீட்டர் வாங்கினால், அதனுடன் வரும் ஷண்ட்டையே பயன்படுத்துங்கள். 100 ஆம்பியருக்கு 75 மில்லி வோல்ட் காட்டும் ஷண்ட்டுக்காக அமைந்த மீட்டரில், 50 ஆம்பியருக்கே 75 மில்லி வோல்ட் தரும் பழைய ஷண்ட்டை விட்டுவைத்தால், ஆம்பியரும் வாட்டும் இரு மடங்காகத் தெரியும். மெல்லிய நேர்முனை ஒயரில், பேட்டரிக்கு அருகிலேயே, அரை ஆம்பியர் பியூஸ் ஒன்றையும் பொருத்திவிடுங்கள். கார்களில் போடும் சாதாரண பிளேடு பியூஸ் 32 வோல்ட்டுக்கே உரியது என்பதால், 60 வோல்ட்டோ அதற்கு மேலோ டிசி என்று அச்சிட்ட பியூஸையே கேட்டு வாங்குங்கள்.