சோஷலிஸ்ட் கட்சியை உடைத்தது யார்?

அன்புள்ள ஐயா,

என் தாத்தா தக்கலை பக்கம் சோஷலிஸ்ட் கட்சியில் இருந்தவர். 1955-ல் பிரஜா சோஷலிஸ்ட் கட்சி பிளந்தபோது, அதன் தலைவர்களில் ஒருவரான ராம் மனோகர் லோகியா பக்கம் போனார். "நல்ல கட்சி ஐயா அது, நாங்களே உடைத்துவிட்டோம்" என்று கடைசிவரை வருத்தப்படுவார். ஒரு துப்பாக்கிச்சூட்டுக்காக, முதன்முதலாகக் கையில் கிடைத்த ஆட்சியையே விடச் சொன்ன லோகியாவின் பிடிவாதம்தான் கட்சியின் அழிவுக்குக் காரணம் என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

வாசகர், நாகர்கோவில்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தாத்தா அந்த வருத்தத்தைச் சுமந்திருக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

அந்த 'ஒரு துப்பாக்கிச்சூடு' உங்கள் ஊர்ப்பக்கம் நடந்தது. 1954 ஆகஸ்ட் 11. தென் திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிக்கொண்டிருந்தது. தேவிகுளம், பீர்மேட்டில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் மீது அடக்குமுறை நடந்தது. நேசமணி உள்ளிட்ட தலைவர்கள் கைதானார்கள். அதைக் கண்டித்து 'விடுதலை நாள்' அறிவிக்கப்பட்டது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திரண்ட கூட்டத்தின் மீது போலீஸ் சுட்டது. பலர் செத்தார்கள்.

சுட்டது காங்கிரஸ் அரசின் போலீஸ் இல்லை. அந்த ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத் தேர்தலில் காங்கிரசுக்கு 45 இடங்கள், பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்கு 19. இருந்தும் கம்யூனிஸ்டுகள் வந்துவிடக்கூடாது என்று காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு கொடுக்க, பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணு பிள்ளை முதலமைச்சரானார். அதாவது, எதிர்த்து ஓட்டுக் கேட்ட கட்சியின் தயவில் அமைந்த ஆட்சி. சரிவு அங்கேயே தொடங்கிவிட்டது.

பட்டம் சாதாரண ஆள் இல்லை. 1938-ல் திவான் சி.பி. ராமசாமி ஐயரை எதிர்த்து நின்ற திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரசின் தலைவர் அவர். அந்த ஆகஸ்டில்தான் திவானின் ஆட்கள் நெய்யாற்றின்கரையில் மக்களைச் சுட்டார்கள். நெய்யாற்றின்கரையிலிருந்து அதே நெடுஞ்சாலையில் தெற்கே வந்தால் மார்த்தாண்டம். பதினாறே ஆண்டுகளில், அன்று சுடப்பட்டவர்களின் தலைவர் சுட்டவர்களின் முதலமைச்சராகிவிட்டார். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

லோகியா அப்போது கட்சியின் பொதுச்செயலாளர். உத்தரப்பிரதேசத்தில் பாசன வரி உயர்வை எதிர்த்துப் போராடியதற்காக நைனி சிறையில் இருந்தார். அங்கிருந்தே, அரசு பதவி விலக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். சுதந்திர நாட்டில், ஆயுதமில்லாத கூட்டத்தைப் போலீஸ் சுட்டால் நீதி விசாரணை வேண்டும், அதற்குப் பொறுப்பான அரசு விலக வேண்டும் என்பது அவர் வாதம். காங்கிரஸ் அரசுகளின் போலீஸ் சுட்டபோதெல்லாம் சோஷலிஸ்டுகள் ஆவேசமாகக் கண்டித்தார்கள். தன் வீட்டுக்கு மட்டும் வேறு சட்டமா?

கட்சித் தலைமை மழுப்பியது. சட்டம் ஒழுங்கு, மாநிலத்தின் சூழ்நிலை, ஆட்சி போனால் கம்யூனிஸ்டுகள் வந்துவிடுவார்கள் என்று வரிசையாகக் காரணங்கள் வந்தன. லோகியா பொதுச்செயலாளர் பதவியை விட்டார். நவம்பரில் நாகபுரியில் கூடிய சிறப்பு மாநாட்டில் பெரும்பான்மை பட்டம் பக்கம் நின்றது. அப்படிக் காப்பாற்றிய ஆட்சி எத்தனை நாள் நின்றது? 1955 பிப்ரவரியில், ஓராண்டுகூட முடியாமல் கவிழ்ந்தது.

அதற்கும் முன்னாலேயே, 1953-ல் பேதுல் மாநாட்டில், பின்தங்கிய நாட்டில் எதிர்க்கட்சி ஆளுங்கட்சியோடு ஒத்துழைக்க வேண்டியிருக்கும் என்று கட்சித் தலைவர்களில் ஒருவரான அசோக் மேத்தா பேசிவிட்டார். ஜெயப்பிரகாஷ் நாராயணன் 1954-ல் வினோபாவின் நிலதான இயக்கமான பூதானத்துக்கே வாழ்நாளைக் கொடுத்துக் கட்சி அரசியலிலிருந்து ஒதுங்கினார். 1955 ஜனவரியில் சென்னைக்குப் பக்கத்து ஆவடியில் காங்கிரஸ் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டதும், இனி நமக்கு என்ன வேலை என்ற குழப்பம் முற்றியது. காங்கிரசோடு நெருங்கக்கூடாது என்று வெளிப்படையாகப் பேசிய மது லிமாயியைக் கட்சி இடைநீக்கம் செய்தது. அவருக்கு ஆதரவாக நின்ற லோகியாவும் பிறகு வெளியே தள்ளப்பட்டார். உங்கள் தாத்தா போனது அதற்கு அப்புறம்தான்.

கட்சியிலேயே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் பாருங்கள். பட்டம் 1960-ல் காங்கிரசோடு கூட்டணி வைத்துக் கேரள முதலமைச்சரானார். 1962-ல் பஞ்சாப் ஆளுநராகப் போனார். அசோக் மேத்தா திட்டக்குழுத் துணைத்தலைவராகி, பிறகு காங்கிரசிலேயே சேர்ந்தார். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நாகபுரியில் தேர்ந்தெடுத்த பாதை போய்ச் சேரும் இடம் அதுதான்.

லோகியாவிடம் குறையில்லையா? உண்டு. சக தோழர்களைப் புண்படுத்தும் நாக்கு அவருக்கு. யாரோடும் நீண்ட நாள் ஒத்துப்போக முடியவில்லை. 1964-ல் லோகியா தரப்பும் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியும் மறுபடி சேர்ந்து, அடுத்த ஆண்டே பிரிந்தது அதற்கு ஒரு சாட்சி. காங்கிரசை வீழ்த்த யாரோடும் சேரலாம் என்று பிற்காலத்தில் அவர் எடுத்த முடிவும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இவையெல்லாம் வேறு கணக்கு. மார்த்தாண்டத்தில் செத்தவர்களின் மொழி அவருக்குத் தெரியாது. அவர்களால் அவருக்கு ஒரு ஓட்டும் கிடைக்கப்போவதில்லை. அவர்களுக்காகத் தன் கட்சியின் ஒரே ஆட்சியை விடச் சொன்னார். உங்கள் தாத்தா அந்த மனிதரின் பின்னால் போனதற்கு நீங்கள் பெருமைப்படலாம்.

அன்புடன்