ஒவ்வொரு மாதமும் தொடங்கி ஒரு வாரத்தில் உடைந்துபோகிறது, எனக்கு மனவுறுதி இல்லையா?

கேட்டவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி ஒரு கெட்ட பழக்கத்தை விட்டு, ஒரு நல்ல பழக்கத்தைத் தொடங்குகிறார். ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. தன்னிடம் ஏதோ குறை என்று நினைக்கிறார்.

குறை உங்களிடம் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். "தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு மனவுறுதி கிடையாது, கையில் காசு வந்ததும் வெற்றிலைக்கும் சாராயத்துக்கும் போய்விடும்" என்று கொழும்பில் என் காதுபடப் பலர் பேசியிருக்கிறார்கள். விடியுமுன் எழும்பி, அட்டைக் கடியில் மலையேறிக் கொழுந்து பறித்த என் அம்மாவுக்கு மனவுறுதி இல்லையென்றால் அது வேறு யாருக்கு இருக்கிறது?

எந்தப் பழக்கம் என்று நீங்கள் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவர், கூட வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து வந்த சிகரெட்டோ வெற்றிலையோ என்று எடுத்துக்கொள்கிறேன். குடி என்றால் நான் சொல்வது போதாது. நாள்பட்ட குடியைச் சட்டென்று நிறுத்தினால் உடம்புக்கே ஆபத்து வரலாம், டொக்டரைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

என்னுடையது வெற்றிலை. பிறந்தது மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் இருக்கிற ஹட்டன் பக்கம். பனியிலும் மழையிலும் நிற்கிறவர்களுக்கு வாயில் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் இருந்தால் உடம்பில் ஒரு சூடு இருக்கும், பசியும் கொஞ்சம் அடங்கும். அங்கே அது பொழுதுபோக்கு இல்லை. இதைத் தெரியாதவர்கள்தான் எங்களுக்கு உபதேசம் செய்ய வருகிறார்கள்.

படிப்பு முடிந்து கொழும்பு புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயம், உருளைக்கிழங்கு மொத்தக் கடை ஒன்றில் கணக்கெழுத வந்தேன். இருட்டோடு லொறி வந்துவிடும். நாட்டாமிகள் மூட்டை இறக்கி, கை வண்டியில் ஏற்றி, கொஞ்சம் மூச்சு விடும்போது பத்து மணி ஆகும். அப்போது எல்லாருக்கும் ஒரு பிளேன்டீ. டீ முடிந்ததும் மூத்த நாட்டாமி ஒருவர் வெற்றிலையை எடுப்பார். நாங்கள் எல்லாரும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கும் ஒரு துண்டு புகையிலையும் வைத்து மடித்து, "இந்தாடா தம்பி" என்று நீட்டுவார். கணக்கெழுதுகிறவன், மூட்டை தூக்குகிறவர் என்ற வித்தியாசம் அந்த நேரத்தில் கிடையாது. அவர் நீட்டியதை வாங்காமல் இருக்க முடியுமா? பல வருடம் வாங்கினேன்.

அப்புறம் உறைப்பாக எது சாப்பிட்டாலும் வாய் எரிய ஆரம்பித்தது. பல் வலியும் சேர்ந்துகொள்ள, அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் கிளினிக்குக்குப் போனேன். அங்கே இருந்த டொக்டர் அம்மா ஒரு வேலை சொன்னார். மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்து, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் வைக்கச் சொன்னார். சாதாரணமாக மூன்றும் போக வேண்டும். எனக்கு இரண்டுதான் போயிற்று. கன்னத்தின் உட்புறம் நார் நாராக இறுகிவருகிறது, அதற்குப் பாக்குதான் காரணம் என்றார். இறுகினது முழுதாகப் பழையபடி ஆகாது. நிறுத்தினால் மேலும் இறுகாமல் பார்த்துக்கொள்ளலாம், நிறுத்தாவிட்டால் இது புற்றுநோயாகவும் மாறலாம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாயில் வருவதுதான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பலர் "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே புகையிலை இல்லாத பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகச் சேர்த்துவிட்டது. நம் நாட்டில் 2016இல் மெல்லும் புகையிலைப் பொருட்கள் விற்பதைத் தடை செய்தார்கள். பாக்கு அதற்குள் வரவில்லை.

சரி, எப்படி விட்டேன் என்பதற்கு வருகிறேன். நிறுத்திய முதல் வாரத்தில் ஒன்றைக் கவனித்தேன். ஜம்பட்டா வீதியில் இருந்த என் அறையில் இரவு முழுக்க அந்த ஞாபகமே வராது. ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை, அன்றைக்கும் கஷ்டமில்லை. கை தானாகப் போனது இரண்டே நேரத்தில்: பத்து மணி டீக்குப் பிறகு, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு. நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த இரண்டு நேரத்துக்கு மட்டும் வழி தேடினால் போதும்.

மத்தியானத்துக்கு வழி சுலபமாகக் கிடைத்தது. சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டதும், எழும்பின கையோடு கடைக்குப் பின்னாலுள்ள குழாயடிக்குப் போய்ப் பல் விளக்கினேன். விளக்கின வாய்க்கு வெற்றிலை ருசிக்காது. பல் விளக்குவது ஒரு நல்ல பழக்கம் என்று நினைத்து நான் அதைத் தொடங்கவில்லை. வெற்றிலை இருந்த இடத்தில் அதை வைத்தேன், அது அங்கேயே தங்கிவிட்டது. நீங்கள் விடுவதையும் தொடங்குவதையும் இரண்டு தனி வேலையாகச் செய்கிறீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள்.

பத்து மணிதான் கஷ்டம். அங்கே வெற்றிலையை மறுத்தால் மாமாவையே மறுத்த மாதிரி. இரண்டு மூன்று நாள் டீ நேரத்தில் ஏதாவது வேலை இருப்பதுபோல் ஒதுங்கிப் பார்த்தேன். அவர் முகம் வாடிப்போனது. கடைசியில் நேராகவே சொன்னேன். "மாமா, டொக்டர் பாக்கே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. இனி எனக்கு மடிக்காதீங்க." அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் டீ முடிந்ததும், ஐந்தாம் குறுக்குத் தெரு சரக்குக் கடையில் வாங்கிவந்த கராம்பு இரண்டை என் கையில் வைத்து, "இந்தாடா தம்பி" என்றார். அதற்குப் பிறகு பத்து மணி எனக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை. அவர் நீட்டுவதை நான் வாங்குகிறேன், வாயிலும் ஏதோ இருக்கிறது, பாக்கு மட்டும் இல்லை. கராம்பு மருந்து என்று நான் சொல்லவில்லை, யாரும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குத் தேவைப்பட்டது அந்த நேரத்தில் அந்தக் கையிலிருந்து வருகிற ஏதாவது ஒன்று.

நடுவில் ஆடிவேல் தேர் அன்று செட்டியார் தெருவில் கூட்டாளிகளோடு நின்றபோது ஒரு வாய் போட்டேன். நீங்களாக இருந்தால் "போச்சு, இனி அடுத்த மாதம்" என்றிருப்பீர்கள். நான் மறுநாள் பத்து மணிக்குக் கராம்புக்கே போனேன், அவ்வளவுதான். லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 96 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010இல் வந்தது. ஒரு புதுப் பழக்கம் தானாக வருகிற அளவுக்கு ஊற நடுத்தரமாக 66 நாள் எடுத்தது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை மாறியது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றுகிற "21 நாளில் பழக்கம் மாறும்" கதையை நம்பி 22ஆம் நாள் மனம் உடையாதீர்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சேர்ஜன், சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது அவ்வளவு நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். சொல்லிச் சொல்லி அது எல்லாப் பழக்கத்துக்கும் சட்டமாகிவிட்டது.

இனி "வெற்றிலை நம் பண்பாடு, அதைக் குறை சொல்லலாமா" என்று கேட்பவர்கள் வருவார்கள். நான் குறை சொல்லவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்குப் பெரியவர்களுக்கு வெற்றிலை கொடுத்துத்தான் காலில் விழுகிறேன். என் வீட்டு விசேஷத்தில் தாம்பூலத் தட்டு இருக்கும். தட்டில் வைப்பது வேறு, நாள் முழுக்கக் கன்னத்தில் அடக்கிவைப்பது வேறு.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வெற்றிலையை விட்டு நெடுநாள் கழித்து, கல்யாணம் பேசியிருந்த நேரம், கொழும்பு வெள்ளவத்தைப் பக்கம் வாடகைக்கு ஒரு அனெக்ஸ், அதாவது பெரிய வீட்டோடு ஒட்டின சின்ன வீடு, பார்க்கப் போனேன். வீட்டுக்காரர் தமிழர். முதலில் "வெத்தலை போடுவீங்களா?" என்றார். இல்லை என்றேன். அடுத்து "சொந்த ஊர் எது?" என்றார். ஹட்டன் என்றதும், அந்த வீட்டை ஏற்கெனவே வேறொருவருக்குப் பேசியாயிற்று என்றார். அட்வான்ஸ் காசு என் பையில் இருந்தது. 1948இல் நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு மலையகத் தமிழரான எங்கள் குடியுரிமையைப் பறித்தார்கள் என்று மேடையில் எல்லாரும் பேசுகிறார்கள். தமிழர் வீட்டு வாசலில் இன்றைக்கும் ஊர் கேட்டுத் திருப்பி அனுப்புவதைப் பற்றி யார் பேசுவது? வெற்றிலையை என்னால் விட முடிந்தது. பிறந்த ஊரை எப்படி விடுவது, ஏன் விட வேண்டும்?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலாம் திகதியை மறந்துவிடுங்கள். அந்தப் பழக்கம் ஒரு நாளில் எந்த நேரத்தில், எங்கே, யாரோடு வருகிறது என்று இந்த வாரம் முழுக்கப் பார்த்து மட்டும் வையுங்கள், நிறுத்தக்கூட வேண்டாம். பெரும்பாலும் இரண்டு மூன்று இடத்துக்கு மேல் இருக்காது. அதில் லேசானதை முதலில் எடுத்து, அங்கே வேறொன்றை வையுங்கள். உங்களுக்கு நீட்டுகிற ஒருவர் இருந்தால் ஒளிக்காமல் அவரிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். கேலி செய்கிற ஆளாக இருந்தால் கொஞ்ச நாளைக்கு டீயை வேறு கடையில் குடியுங்கள்.